படிவத்தில் அக்காவுக்குக் கட்டம் இல்லை

ததாவீன்
11 ஜனவரி 1995

அன்புள்ள அக்கா மஹ்பூபாவுக்கு,

நான் இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நலமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு நீ சொல்.

விடுமுறை முடிந்து வந்த நான்காம் நாள் காய்ச்சல் பிடித்தது. நான் சட்டென்று டாக்டரிடம் ஓடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் வருகிற ‘செலவில்லாத ஆரோக்கியம்’ பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன் அல்லவா? அதில் உள்ள பூண்டுப் பால், வெங்காயத் தேன், தைம் இலைக் கஷாயம் எல்லாவற்றையும் வரிசையாகக் குடித்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா முபாரக்கா, “கஷாயத்தாலேயே சாகப் போறியா மகளே?” என்று அதட்டி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

என் மருத்துவப் புத்தகத்தை முதல் தடவையாக ஒரு டாக்டரிடம் நீட்டினேன். வேலை கிடைத்தபோது அரசாங்கம் கொடுத்தது; அதைக் காட்டினால்தான் ஆஸ்பத்திரியில் வைத்தியம். இத்தனை நாள் வீட்டுப் பெட்டியில்தானே கிடந்தது? மே மாதம் என் வேலையை உறுதி செய்யப் போகிறார்கள், அந்தக் கோப்புக்கு வேண்டும் என்று பள்ளியில் கேட்டதால்தான் இந்த முறை எடுத்து வந்தேன். டாக்டர் சுக்ரி என்னைவிட நான்கைந்து வயதுதான் பெரியவராக இருப்பார். புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

“ஜனவரி அஞ்சாம் தேதி ஊசி போட்டாச்சா டீச்சர்?”

“என்ன ஊசி?”

“ஆறு தடவ பென்சிலின் போட்டுக்கிட்டு, என்ன ஊசின்னு கேக்குறீங்களே!”

புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நம் ஊருக்குப் பக்கத்துக் கெஃப் ஆஸ்பத்திரியின் முத்திரைகள். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை, நான்கு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை. இதய வால்வு சுருங்கியிருக்கிறது, உப்பு குறைக்கவும், மாடி ஏறக் கூடாது, நோன்பு கூடாது. மேலே என் பெயர், என் பிறந்த தேதி.

இது நானில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தலையாட்டிவிட்டேன் அக்கா. நர்ஸ் என்னைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் அந்த ஊசியைப் போட்டுவிட்டார். மூன்று நாளாகச் சாய்ந்துதான் உட்காருகிறேன்.

ஜூலையில் நான் வீட்டில்தானே இருந்தேன்? கெஃப் ஆஸ்பத்திரிக்குப் போனேனா? இதைக் கேட்பது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் முத்திரையைப் பார்த்த பிறகு என் ஞாபகத்தைவிட முத்திரைதான் உண்மை போலத் தெரிகிறது. பெட்டியிலிருந்து யாராவது அந்தப் புத்தகத்தை எடுத்தார்களா?

உன் தங்கை,
விதாத்


ஸெர்ஸ்
20 ஜனவரி 1995

அடி விதாத்,

உன் லெட்டர் வந்துச்சு. அப்பா அத தபால்காரன்கிட்ட வாங்கி, “டீச்சர் எழுதியிருக்கா”ன்னு காபிக் கடையில நாலு மேசைக்குக் காட்டிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டாந்தாரு. நல்லவேளை, அவருக்குப் படிக்கத் தெரியாது.

பூண்டும் வெங்காயமும் தின்னா டாக்டர் கிட்ட வர மாட்டாருன்னு அந்தப் பத்திரிகையில போட்டிருக்கானா? வேற யாருமே கிட்ட வர மாட்டாங்கடி. இருபத்தஞ்சு வயசாச்சு உனக்கு, பாத்துக்க.

புத்தக விஷயம் ஒண்ணுமில்ல. அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க ஒரு தடவ அத எடுத்துட்டுப் போனேன். அவங்க பேரும் அதுலதான இருக்கு. அங்க ஒரு நாளைக்கு முன்னூறு பேரு. மேசை மேல புத்தகம் மலை மாதிரி கெடக்கும். எவளோட சீக்கையோ நர்ஸு உன் புத்தகத்துல எழுதியிருப்பா. ஆறு தடவ எப்படி எழுதினான்னு கேப்ப. ஒரு தடவ தப்பாப் போட்டா அப்புறம் அதப் பாத்துதான அடுத்தது போடுவாங்க? நீ பள்ளிக்கூடத்துல பாக்குறதில்லையா?

அத இனிமே யாருக்கும் காட்டாத. கோப்பு கீப்புன்னு எங்கயும் குடுக்காத. ததாவீன் ஸ்டாண்டுல ஆள் சேத்து ஓட்டுற லுவாஜ் வண்டிக்காரன்கிட்ட குடுத்தனுப்பு. அவன் துனிஸ் ஸ்டாண்டுல நம்ம ஊர் வண்டி ஓட்டுற மொன்ஜிகிட்ட குடுப்பான். மொன்ஜி போன வாரம் ஒரு ஆட்டையே அப்படிக் கொண்டாந்து சேத்தான், புத்தகத்தச் சேக்க மாட்டானா? பிப்ரவரி ரெண்டாம் தேதி வியாழக்கிழமைக்குள்ள வந்துட்டா நல்லது. ஏன்னு கேக்காத. அந்த நர்ஸு வியாழக்கிழமதான் இருப்பா, நேர்ல போய்ச் சரி பண்ணிடுறேன்.

இங்க எல்லாரும் சொகம். நான் தையல்கூடத்துக்குச் சட்டைக் காஜா போட்டுக்கிட்டுருக்கேன். ரமலான் வருதுன்னு அவன் வேலைய ரெண்டு மடங்கு குடுத்திருக்கான்.

அந்த ஊசி வலிக்கும். வெந்நீர்த் துணி வச்சு ஒத்தடம் குடு, மூணாம் நாள் எறங்கிடும்.

அக்கா


ததாவீன்
8 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்கா,

புத்தகத்தை அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணம் இருக்கிறது.

நான் தலையாட்டிய செய்தி எனக்கு முன்னால் பள்ளிக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியர் அம்மார் என் வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்றிவிட்டார். ஆசிரியர் அறையில் என் கையிலிருந்து காபியைப் பிடுங்கிவிட்டு வெந்நீர் கொடுக்கிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் சத்தத்தைக் குறைக்கிறார்கள். அது ஒன்றுதான் லாபம். முபாரக்கா உப்பில்லாமல் கூஸ்கூஸ் சமைத்துக் கொண்டுவருகிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பிடுகிறேன்.

ரமலான் பிறந்ததும் நிலைமை இன்னும் மோசம். எனக்கு நோன்பு கூடாதாம். நண்பகலில் கதவுக்கு வெளியே தட்டை வைத்து, துணி போட்டு மூடிவிட்டு, யாரும் பார்க்காதபடி போய்விடுகிறார். தெரு முழுக்கப் பட்டினி கிடக்கிறபோது என் வாசலில் மட்டும் சோறு. நான் அதைத் தொடாமல் நோன்பிருந்துவிட்டு, இரவில் ஆறிப்போனதைச் சாப்பிடுகிறேன். அவரிடம் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பொய் சொன்னது போலவும் இருக்கிறது, பாவம் செய்தது போலவும் இருக்கிறது. இரண்டில் எது என்று புரியவில்லை.

போன வியாழக்கிழமை ஊசிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். இந்த முறை சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஊசிக்கு முன் டாக்டர் சுக்ரி நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறியது. இடம் மாற்றி மாற்றி வைத்தார். இன்னொரு பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்.

“வால்வுல அந்த இரைச்சல் சத்தமே இல்லையே!”

“இருக்கணுமே. கெஃப்ல நல்லா எழுதியிருக்காங்களே.”

“அப்படின்னா இது அற்புதம். இல்ல, தப்பு.”

என் தலைக்கு மேலே இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். ஊசி வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அறைக்கு வந்து நாடியை எண்ணினேன். தொண்ணூற்றிரண்டு. எண்ணுவதால்தான் ஓடுகிறதா, ஓடுவதால்தான் எண்ணுகிறேனா என்று தெரியாமல் விடியும்வரை விழித்திருந்தேன்.

அக்கா, அந்த ஊசி மூன்றாம் நாள்தான் வலி இறங்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

விடுமுறையில் தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போது மேட்டில் இரண்டு தடவை நின்றாய். கோழிகளை எண்ணுவதாகச் சொன்னாய். அங்கே கோழியே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாய். அம்மாவின் குறட்டை என்றாய்.

என்னிடம் இல்லாத அந்தச் சத்தம் உன்னிடம் இருக்கிறதா?

விதாத்


ஸெர்ஸ்
17 பிப்ரவரி 1995

விதாத்,

ஆமா. என்கிட்டதான் இருக்கு.

போதுமா? இப்ப கேட்டுக்க. ஜூன் மாசம் தண்ணி தூக்கிட்டு வரும்போது மூச்சு முட்டி உக்காந்துட்டேன். உதடு நீலமாயிடுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கி, ஒரு குளிர்காலம் பூரா படுத்துக் கெடந்தேனே, அப்பவே அது நெஞ்சுல எறங்கிடுச்சாம். அந்த வருஷந்தான் என்னப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்தினாங்க. அடுத்த வருஷம் உன்னச் சேத்தாங்க.

எங்கிட்ட ஏன் புத்தகம் இல்லன்னு யோசிச்சுப் பாத்திருக்கியா? நம்ம வீட்டுக்கு இலவசப் புத்தகம் இருந்துச்சு. உனக்கு வேல கெடச்ச வாரம் அப்பா காபிக் கடையில எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் குடுத்தாரு. நம்ம ஊர் அதிகாரி உம்தாவும் ஒரு கிளாஸ் குடிச்சாரு. குடிச்சுட்டு நேரா ஆபீசுக்குப் போயி, அரசாங்கச் சம்பளம் வர்ற வீடுன்னு நம்ம பேர அடிச்சுட்டாரு. அப்பாவுக்கு அதுலயும் பெருமதான். “இனிமே நாம ஏழைங்க லிஸ்ட்ல இல்ல”ன்னு சொல்லிக்கிட்டு வந்தாரு. அம்மாவையும் அப்பாவையும் உன் புத்தகத்துல சேத்தாங்க. எனக்குன்னு அந்தப் படிவத்துல கட்டமே இல்லையாம். கல்யாணம் ஆனா புருஷன் புத்தகம். ஆகலன்னா ஒண்ணுமில்ல.

காசு குடுத்துத் தனியார் டாக்டர்கிட்ட போகலாம்னா அப்பா அந்தப் பதினோரு ஒலிவ மரத்தையும் வித்துடுவாரு. அவருக்குத் தெரியாது. அம்மாகிட்ட எனக்கு நெஞ்சுச் சளின்னு சொல்லி வச்சிருக்கேன். புத்தகத்துல படம் இல்ல. எடுத்துட்டுப் போனேன்.

மொதல் நாள் நர்ஸு “விதாத்! விதாத்!”னு கத்துறா, யாரும் எழுந்திரிக்கல. எவடி இவ செவிடுன்னு நானும் சேந்து திரும்பிப் பாத்தேன். அப்புறந்தான் ஒறச்சுது, செவிடி நாந்தான். இப்ப பழகிடுச்சு. வீட்ல மஹ்பூபான்னு கூப்பிட்டா ரெண்டாவது தடவதான் திரும்புறேன்.

ஜனவரி ஊசி உனக்குப் போச்சு, பிப்ரவரி ஊசி யாருக்கும் போகல. எனக்கு உப்பில்லாம சோறு குடுக்க ஆள் இல்ல. நோன்பும் இருக்கேன். விட்டா ஏன்னு கேப்பாங்கல்ல?

டிசம்பர்ல துனிஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க. நெஞ்சுல அந்தக் கதவத் தெறந்து விடணுமாம். மார்ச் இருபத்தெட்டு, செவ்வாக்கிழம. தேதி விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. இதுக்கு மேல மூடிக்கிட்டா மேட்டுல இல்ல, வாசல்லயே உக்கார வேண்டியதுதான்னு அந்த டாக்டர் சொன்னாரு.

புத்தகத்த அனுப்பு. வேற ஒண்ணும் கேக்கல. உள்ள போயி எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, காகிதப்படி நீதான் செத்துப்போயிருப்ப. சம்பளத்த நிறுத்திடுவாங்க, முன்கூட்டியே யாரையாவது பாத்து வச்சுக்க.

சிரி.

மஹ்பூபா


ததாவீன்
25 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்கா,

சிரிக்க முடியவில்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. எனக்கு வேலை கிடைத்ததால் உன் புத்தகம் போனது. அதனால் நீ என் புத்தகத்தை எடுத்தாய். அதனால் என் வேலை உறுதியாவது இப்போது தள்ளாடுகிறது. இதய நோய் என்றால் குழு யோசிக்குமாம், தலைமையாசிரியர் சொன்னார். எங்கே ஆரம்பித்தால் யார்மேல் தப்பு என்று முடிகிறது? நான் எப்படிப் போட்டுப் பார்த்தாலும் சர்பத் கிளாஸில் வந்து நிற்கிறது.

புத்தகத்தை அனுப்பத்தான் வண்டி ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர் கையில் கொடுக்கும் முன், உறையில் முகவரி சரியா என்று பார்ப்பதுபோல் புத்தகத்தையும் ஒரு தடவை திறந்தேன். முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ரத்தப் பிரிவு: பி. ஆசிரியர் கல்லூரியில் ரத்த தானம் செய்தபோது சோதித்தது. அது என் ரத்தம் அக்கா. உன்னுடையது என்ன? உனக்குத் தெரியுமா? உள்ளே வைத்துத் திறக்கும்போது ரத்தம் வேண்டியிருந்து, அவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டால்?

உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். டிரைவர், “என்ன டீச்சர், காதல் கடிதமா, மனசு மாறிடுச்சா?” என்றான்.

பெருநாளைக்கு வருகிறேன். அப்பாவிடம் நானே பேசுகிறேன். உம்தாவிடமும் பேசுகிறேன். இன்னும் ஒரு வாரம்தான். பொறு. நோன்பை மட்டும் விட்டுவிடு, அம்மாவிடம் மாதவிலக்கு என்று சொல்.

விதாத்


ஸெர்ஸ்
8 மார்ச் 1995

விதாத்,

பெருநாளைக்கு வந்த. ரெண்டு நாள் இருந்த. அப்பா உன்னக் கையப் புடிச்சு உம்தா வீட்டுக்கே கூட்டிட்டுப் போனாரு. நீ பலகாரத் தட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தியாம். “என் மக அடக்கமான பொண்ணு, வாயத் தெறக்க மாட்டா”ன்னு அப்பா இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டுருக்காரு.

நான் திட்டல. உன்ன எனக்குத் தெரியாதா? சின்னதுல கடைக்கு அனுப்பினா, கடைக்காரன் கேக்குற வரைக்கும் வாசல்லயே நிப்ப.

பையில தேடாத. புத்தகம் எங்கிட்ட இருக்கு. நீ தூங்கும்போது எடுத்தேன். கேட்டிருந்தா நீ குடுத்திருக்கவும் மாட்ட, குடுக்க மாட்டேன்னும் சொல்லியிருக்க மாட்ட. ரெண்டுக்கும் நடுவுல நின்னுருப்ப. எனக்கு நேரம் இல்ல.

ரத்தம் ரத்தந்தான். ஒரே வயித்துலதான பொறந்தோம்.

மஹ்பூபா


ததாவீன்
14 மார்ச் 1995

அன்புள்ள அக்கா,

வழியில் காபிஸ் ஊரில் வண்டி நின்றபோதே பையைத் திறந்து பார்த்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே தெரியும். கோபம் இல்லை. ஆனால் நீ எழுதிய கடைசி வரி தப்பு. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கும் வேறு வேறு ரத்தம் இருக்கும். அப்பாவின் பச்சைக் கண் உனக்கு வந்தது, எனக்கு வரவில்லையே, அந்த மாதிரி. தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் நம்பு. இதற்காவது நான் படித்தது உதவட்டும்.

நேற்று டாக்டர் சுக்ரியிடம் போனேன். கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொன்னால் நீ கேலி செய்வாய். கடைசி நோயாளியும் போய்விட்டார். அவர் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து என்மேல் இடித்துக்கொண்டார்.

“டீச்சர்? மறுபடி நெஞ்சு வலியா?”

“அது என் நெஞ்சு இல்ல டாக்டர். எங்க அக்காவோடது.”

இவ்வளவுதான். ஒத்திகை பார்த்த வாக்கியம் அது இல்லை. ஆனால் வந்தது அதுதான். அவர் திரும்ப விளக்கைப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, “உங்களுக்கு நான் ஒரு ஊசி போட்டேனே, அதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். பிறகு சிரித்தார். பிறகு கோபப்பட்டார். பிறகு காகிதத்தை எடுத்தார்.

துனிஸ் இதயப் பிரிவுக்கு அவர் எழுதிய கடிதம் இத்துடன் இருக்கிறது. நோயாளியின் பெயர் மஹ்பூபா என்று எழுதியிருக்கிறார். என் புத்தகத்தில் இருக்கிற நோய் உன்னுடையது, ரத்தப் பிரிவு உன்னுடையது அல்ல, புதிதாகச் சோதிக்க வேண்டும், புத்தகத்துக்குச் சமூகநல அலுவலர் வழி செய்யட்டும் என்று எல்லாம் இருக்கிறது. இதைக் காட்டினால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். “ஏதாவது ஆகும்” என்றார். அவருக்கும் தெரியவில்லை.

உம்தாவுக்கும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். நேரில் வராத வாய் தாளில் வருகிறது. எங்கள் வீட்டில் சம்பளம் ஒன்று, ஆட்கள் நான்கு, அதில் ஒருத்திக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை என்று எழுதினேன். கடைசியில், நான் அன்று பலகாரம் சாப்பிட வரவில்லை, இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றும் எழுதினேன்.

என் பெயரில் உள்ளே போகாதே அக்கா. நான் பிழைத்திருப்பதற்காகச் சொல்லவில்லை. நீ பிழைப்பதற்காக.

விதாத்


துனிஸ்
11 ஏப்ரல் 1995

அடி விதாத்,

படுத்துக்கிட்டே எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா திருத்தி மார்க் போட்டுடாத.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். உன் லெட்டரும் டாக்டர் லெட்டரும் இருபத்திரெண்டாம் தேதியே வந்துடுச்சு. டாக்டர் லெட்டர மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டேன். காட்டணும்னு இல்ல. தூக்கிப் போட மனசு வரல, அவ்வளவுதான். வீட்ல தையல் வேலையாப் போறேன்னு சொல்லிட்டு, மொன்ஜி வண்டியில துனிஸ் வந்தேன். உன் புத்தகத்த நீட்டினேன். விதாத்துன்னு கூப்பிட்டாங்க. மொதல் தடவையே எழுந்தேன்.

ரத்தம் எடுத்தாங்க. கொஞ்ச நேரங்கழிச்சு நர்ஸு வந்து மறுபடி எடுத்தா. அப்புறம் மூணாவது தடவ.

“என்னம்மா, ஊறுகா போடவா?”ன்னு கேட்டேன்.

“உன் புத்தகம் பின்னு சொல்லுது, ரத்தம் ஓன்னு சொல்லுது. லேபுல இருக்கறவன் தூங்குறானா, நான் குழாய மாத்திட்டேனா, ஒண்ணும் புரியல”ன்னா. பாவம், சின்னப் பொண்ணு. பெரிய நர்ஸு வந்து அவளப் போட்டுத் திட்டுறா. “எத்தனை தடவ சொல்றது, பேர் ஒட்டிட்டு ரத்தம் எடுன்னு! ஆள் உயிரு போயிடும்டி!” அது கண்ணு ரெண்டும் நெறஞ்சுடுச்சு. இன்னும் வேலைய உறுதி பண்ணலையாம், வெளிய அனுப்பிடுவாங்களோன்னு நடுங்குது. நெத்தியில முடி விழுந்து, வாயத் தெறக்காம அப்படியே நிக்குது. எனக்கு அது நீ மாதிரியே இருந்துச்சுடி.

அந்த லெட்டர எடுத்து மேசை மேல வச்சேன். “அவ மேல தப்பில்ல. என் பேரு மஹ்பூபா”ன்னேன். வெளியில வந்த சத்தம் எனக்கே புதுசா இருந்துச்சு.

அப்புறம் ஒரே கூத்து. தேதி போச்சு, புத்தகத்தப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க, போலீசுன்னு ஒருத்தர் சொன்னாரு. வராந்தா பெஞ்சுல உக்காந்துட்டேன். மூச்சு பாதிதான் வருது. வந்த டாக்டர் என் உதட்டப் பாத்துட்டு, “மொதல்ல கட்டில், அப்புறம் காகிதம்”னாரு. சமூகநல அம்மா நம்ம ஊர் காபிக் கடைக்குப் போன் போட்டாங்க. வேற எங்க போடறது?

அப்பா அன்னைக்கு ராத்திரியே வந்துட்டாரு. வந்தவருகிட்ட, “உங்க பொண்ணு விதாத்தா, மஹ்பூபாவா?”ன்னு கேட்டிருக்காங்க.

“ரெண்டும் என் பொண்ணுதான்”னாராம்.

என் காலப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வீக்கத்த அழுத்திப் பாத்தாரு, ரொட்டி மாவ அழுத்துற மாதிரி. “மரத்த விக்கக் கூடாதுன்னா மறச்ச?”ன்னு மட்டும் கேட்டாரு. காலையில மொத வண்டி புடிச்சு உம்தாகிட்ட போனாரு. உன் லெட்டர் அங்க மேசை மேல இருந்துச்சாம். உம்தா மொகத்துல ஈயாடலையாம். காகிதம் தயாரா எழுதியிருக்காரு. அதுல நான் ஆதரிக்க ஆளில்லாதவன்னு இருக்குன்னு படிச்சுக் காட்டியிருக்காரு. அப்படி எழுதினாத்தான் எனக்குன்னு தனியா இலவசப் புத்தகம் வருமாம்.

“அப்ப நான் யாரு?”ன்னு அப்பா கேட்டாராம். கட்டைவிரல வச்சுட்டு வந்துட்டாரு. எங்கிட்ட வந்து சொல்றாரு, “காகிதத்துல நான் இல்ல. வீட்டுக்கு வந்தா மறுபடி இருப்பேன்.” சிரிச்சாரு. ஆனா காபிக் கடையில இத எப்படிச் சொல்லப் போறாரோ தெரியல.

அஞ்சாம் தேதி உள்ள கூட்டிட்டுப் போனாங்க. தொடை வழியா ஒரு கம்பிய விட்டு, நெஞ்சுக்குள்ள ஒரு பலூன ஊதினாங்களாம். பெருநாளைக்குப் புள்ளைங்க ஊதுறது மாதிரியா டாக்டர்னு கேட்டேன். கொஞ்சம் வெல ஜாஸ்தின்னாரு. நேத்து வார்டுலேருந்து மாடிப்படி ஏறினேன். பதினெட்டுப் படி. நடுவுல எந்தக் கோழியையும் எண்ணல.

ஆறாம் தேதி வியாழக்கிழம ஊசி போட்டுட்டாங்க, என் பேர்ல. நாப்பது வயசு வரைக்கும் போட்டுக்கணுமாம். இப்ப ஒரு சிக்கல். என் புதுப் புத்தகம் சுத்தமா காலி. அதப் பாத்தா எனக்கு இதுக்கு முன்னாடி ஒரு சீக்கும் வந்ததே இல்ல. பழைய தேதியெல்லாம், கெஃப் டாக்டர் எழுதினதெல்லாம் வேணுங்குறாங்க. உன் புத்தகத்தத் திருப்பி ததாவீனுக்கே அனுப்பிட்டாங்க, உங்க டாக்டர் திருத்தணுமாம். என் பக்கத்தையெல்லாம் எழுதி அனுப்பு.

உனக்கு என்னடி ஆச்சு? அத மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

மஹ்பூபா


ததாவீன்
20 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்கா,

எனக்கு என்ன ஆயிற்று என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. எழுத்துமூலம் ஒரு கண்டிப்பு. வேலையை உறுதி செய்வதை ஒரு வருஷம் தள்ளி வைத்துவிட்டார்கள். மாடி வகுப்பைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் பழையபடி கத்துகிறார்கள். முபாரக்கா உப்புப் போடத் தொடங்கிவிட்டார். “பொய் நெஞ்சுக்கா இத்தனை நாள் சப்புன்னு சமைச்சேன்?” என்று இரண்டு நாள் பேசவில்லை; மூன்றாம் நாள், அந்த அக்காவுக்கு என்று ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைத்தார். நான் இன்னும் காபி குடிக்கும் முன் நாடியை எண்ணுகிறேன். அது ஏன் என்று தெரியவில்லை.

டாக்டர் சுக்ரி என் புத்தகத்தில் உன் பக்கங்களின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டார். ஓரத்தில் ‘இவர் அல்ல, அக்கா’ என்று எழுதி முத்திரை குத்தினார். அவற்றை உனக்காக நேற்று நான் படியெடுத்தேன். அரை மணி நேர வேலை. எனக்கு மாலை முழுக்க ஆனது.

ஜூலை 21. அன்று நான் சித்தி மகளின் மருதாணி வைபவத்துக்குப் போயிருந்தேன். உன்னைக் கூப்பிட்டேன். நூல் வாங்கக் கெஃப் போகிறேன் என்றாய். வரும்போது எனக்கு வறுத்த பட்டாணி வாங்கி வந்தாய்.

ஆகஸ்ட் 18. நான் நோட்டில் பத்திரிகைத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். தினமும் அரை மணி வேகமாக நடந்தால் இதயத்துக்கு நல்லது, காசு செலவில்லை என்று உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நீ, “டீச்சர் சொன்னா சரிதான்” என்றாய்.

செப்டம்பர் 15, என் பெட்டியை வண்டி வரை நீதான் தூக்கிவந்த நாள். காலையில் ஊசி, மத்தியானம் பெட்டி.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் தேதிகளுக்கு உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் ‘இங்க எல்லாரும் சொகம்’ என்று இருக்கிறது.

ஒவ்வொரு வரியிலும் என் பெயர் இருந்த இடத்தில் உன் பெயரை எழுதினேன். ஒரு இடத்தில் மட்டும் கை பழக்கத்தில் விதாத் என்று எழுதி, அடித்துவிட்டேன். மன்னித்துக்கொள். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன், புதுப் புத்தகத்தில் ஒட்டச் சொல். முதல் பக்கத்தில் ரத்தப் பிரிவு எழுதியிருக்கிறார்களா என்று பார். ஓ. நீயே பார், அவர்கள் சொல்வதை நம்பாதே.

‘செலவில்லாத ஆரோக்கியம்’ நோட்டை முபாரக்காவிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பு பற்றவைக்க நன்றாக இருக்கிறதாம்.

அடுத்த ஊசி மே நான்காம் தேதி, வியாழக்கிழமை, கெஃப் ஆஸ்பத்திரி. அதே நர்ஸ்தான் இருப்பார். மஹ்பூபா என்று கூப்பிடுவார். இரண்டாவது தடவை கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்காதே.

உன் தங்கை,
விதாத்